ஒரே வீட்டு ரத்தம்

இன்பன்ட்டின் ரத்தம் ஒட்ட மறுத்தது.

ஒட்டாத ரத்தத்தைப் பார்த்தால் அந்த ஆய்வகத்தில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அங்கே வேலை பார்க்கும் ஜெனிட்டாவால் மட்டும் அன்று காலை சந்தோஷப்பட முடியவில்லை. தூத்துக்குடிக்கு அந்த வாரம்தான் புது இயந்திரம் ஒன்று வந்திறங்கியிருந்தது. புது இயந்திரத்தை நம்புவதற்கு முன்னால், விடை தெரிந்த ரத்தம் ஒன்றைக் கொடுத்து அது அதே விடையைச் சொல்கிறதா என்று பார்ப்பது வழக்கம். தராசு வாங்கியவன் முதலில் படிக்கல்லை வைத்துப் பார்ப்பதுபோல. 'நன்றாக ஒட்டுகிற ரத்தம்' ஒன்று தேவைப்பட்டது. அதற்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கவேயில்லை. சொந்த ஊரான புன்னைமுனையில் சங்கு குளிக்கிற தம்பி இன்பன்ட்டுக்கு போன் போட்டாள். போன மாதம் ஊரில் எடுத்த ரத்தத்தில் அவனுடைய எண் எண்பத்தொன்று.

புது இயந்திரம் முப்பத்தெட்டு என்றது.

இயந்திரத்துக்குள் நடப்பது எளிமையான காரியம்தான். ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைக் கீழே இறக்கிவிட்டால், மேலே கலங்கலாக ஒரு மஞ்சள் நீர் நிற்கும். அந்தக் கலங்கலுக்குக் காரணம் தட்டணுக்கள். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அடைப்புப் போடுகிற பொடிப்பொடி அணுக்கள் அவை. டெங்கு வந்த வீடுகளில் பிளேட்லெட், பிளேட்லெட் என்று எண்ணிக்கொண்டிருப்பார்களே, அவைதான். அந்த நீருக்குள் ஒரு விளக்கைப் பாய்ச்சி, 'இங்கே காயம் பட்டிருக்கிறது' என்று பொய் சொல்லும் மருந்தை ஒரு சொட்டு விட வேண்டும். தட்டணுக்கள் பதறிப்போய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பால் திரிவதுபோல் திரிந்து கீழே விழும். நீர் தெளியும். மறுபக்கம் வந்து சேர்கிற வெளிச்சத்தின் அளவுதான் ஒட்டு எண். அறுபதைத் தாண்டினால் ஆபத்து என்று கணக்கு. ஏனென்றால் காயமே படாத இதயக் குழாய்க்குள்ளும் இதே அவசரக்காரர்கள்தான் அடைப்புப் போடுகிறார்கள்.

"என்னக்கா, பாஸா பெயிலா?" என்றான் இன்பன்ட், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு.

"கொஞ்சம் சும்மா இருல."

"ஒன் மெஷினுக்குத்தாம் சீக்கு போல."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். பழைய இயந்திரத்தில் போட்டாள். நாற்பது. மறுகையில் குத்தி எடுத்துப் போட்டாள். முப்பத்தொன்பது.

"காலையில என்ன தின்ன?"

"ஒண்ணுந் திங்கல. நீதான திங்காம வரச்சொன்ன. கண்ணு இருட்டுது."

"தலைவலி மாத்திரை எதும் போட்டியா? ஆஸ்பிரின் கீஸ்பிரின்?"

"எனக்குத் தலைவலியே நீதான்."

"மீனெண்ணெ மாத்திரை?"

"மீனு விக்கிற ஊர்க்காரன் மீனெண்ணெய காசு குடுத்து வாங்குவானாக்கா?"

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. குழாய்கள் மாறிப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. போன மாத ரத்தத்தில் மிச்சம் உறைபெட்டியில் இருந்தது. அதன் மரபணுவையும் இன்றைய ரத்தத்தின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவிட்டாள். ஒரே ஆள். இரண்டிலும் கொக்கி மாற்றம் இருந்தது.

தட்டணுவின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்துக்கு ஆய்வகத்தில் கொக்கி என்று பெயர். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உதவும் கை அது. சிலருக்கு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அவர்களுக்கு அந்தக் கொக்கி கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும். கடற்கரை ஊர்களில் பாதிப்பேருக்கு மேல் அது இருந்தது. டவுனில் அபூர்வம். கொக்கி வளைந்தவர்களுக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் நாற்பது, ஐம்பது வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்கள் என்பது இந்த ஆய்வகம் உலகத்துக்குச் சொன்ன செய்தி. அந்தச் செய்தியின் மேல்தான் அமைதி ஊசி நின்றது.

எலும்பு மஜ்ஜைக்குள் ஒரே ஒரு தடவை போடுகிற ஊசி. தட்டணுக்கள் பிறக்கிற இடத்துக்கே போய் அந்த எழுத்தைத் திருத்திவிடும். அதோடு விடாது, கொக்கிகளின் எண்ணிக்கையையும் குறைத்துவிடும். பிறகு ஆயுளுக்கும் ரத்தம் சாதுவாக ஓடும். கொக்கி மாற்றமும் அறுபதுக்கு மேல் ஒட்டு எண்ணும் சேர்ந்திருந்தால் ஊசிக்குத் தகுதி. போட்டபின் வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் கடலடிப் பாறைத்திட்டான பாரில் கை கிழிகிற சங்குகுளியாட்களுக்கு ஊசிக்குப் பிறகு கடல் அனுமதி கிடையாது. கரையில் ஏதாவது ஒரு வேலை தருவார்கள். சரி, ஊசி வேண்டாம் என்றால்? காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாத ஆளை எந்தப் படகுக்காரரும் ஏற்றமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, புன்னைமுனை மாதா கோயில் மண்டபத்தில் ஊசி முகாம். இன்பன்ட் பெயர் கொடுத்திருந்தான்.

"எப்படியும் கடல் போச்சு, உயிராவது மிஞ்சட்டும்னுதான சரின்னேன்" என்றான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அப்பாவுக்கு நாப்பத்தாறுக்கா. வள்ளத்துலயே செத்தாரு. எம்புள்ள இப்பத்தான் நடக்கா. முப்பத்தெட்டா, எம்பத்தொண்ணா? ஏதாவது ஒண்ணச் சொல்லு. ரெண்டயும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

*

டாக்டர் திருமலைக்கொழுந்து நல்ல மனிதர். கடற்கரை ஆய்வை முன்னின்று நடத்தியவர். எதைக் கேட்டாலும் ஒரு காகிதத்தை இழுத்துப் படம் போட்டு விளக்குவார். அன்றும் இழுத்தார்.

"இங்க பாரும்மா. ஒட்டு எண் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறும், எறங்கும். தூக்கம், கவலை, சர்க்கரை, எல்லாத்துக்கும் ஆடும்."

"கொஞ்சம் ஆடுனா சரி சார். இது பாதிக்குப் பாதி."

"ஜீன் மாறலயே. கொக்கி இருக்குல்லா? ஜீனும் சொல்லுது, பிளேட்லெட்டும் சொல்லுது. ரெண்டு சாட்சி. இன்னைக்கு ஒருநாள் ஒரு சாட்சி தடுமாறுதுன்னா கேஸையே தள்ளிர முடியுமா?"

அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். குடித்த தம்ளரை எங்கே வைத்தோம் என்று தேடினாள். பிறகு, ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். எல்லோரையும் ஒரே குவியலாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பதற்குப் பதில், ஊர் ஊராகப் பிரித்தாள். இதை ஏன் யாரும் செய்யவில்லை என்றால், பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு குவியலும் சிறுத்துவிடும். சிறுத்த கணக்கை எந்தச் சபையிலும் மதிக்கமாட்டார்கள். பெரிய குவியலில் விடை பளிச்சென்று தெரிந்திருந்தது: கொக்கி வளைந்தவர்களுக்கு ஒட்டு எண் அதிகம்.

புன்னைமுனையை மட்டும் தனியாக எடுத்தாள். அதில் கொக்கி வளைந்தவர்களை ஒரு பக்கமும் வளையாதவர்களை மறுபக்கமும் நிறுத்தினாள்.

இரண்டு பக்கமும் எண்பதை ஒட்டியே நின்றன.

டவுனைத் தனியாக எடுத்தாள். கொக்கி வளைந்தவர்கள் அங்கே ஒரு கைப்பிடிதான். அவர்களுக்கும் நாற்பது, மற்றவர்களுக்கும் நாற்பது.

அப்படியானால் எண்ணைக் கூட்டியது கொக்கி இல்லை. ஊர்.

திரும்ப ஓடினாள். கொழுந்து சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"டவுன்ல அந்தக் கைப்பிடி ஆள வச்சு ஒண்ணும் பேச முடியாது. ஊர்ல எல்லாருக்கும் எண்பதுன்னா, இன்னும் நமக்குத் தெரியாத வேற ஜீன் ஒண்ணு அங்க எல்லாருக்கும் இருக்கலாம். எத்தனையோ தலைமுறையா தங்களுக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க. ஒன்னைய வச்சுக்கிட்டே சொல்லுதேன், தப்பா எடுத்துக்காத."

"தப்பில்ல சார். ஆனா இன்பன்ட்டுக்கு ஊர்ல எடுத்தப்பவும் இதே ஜீன்தான், இங்க எடுத்தப்பவும் இதே ஜீன்தான். அந்த வேற ஜீனும் அவன் கூடத்தான வந்திருக்கும்? பஸ்ல எறக்கி விட்டுட்டா வந்தான்?"

கொழுந்து சார் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"சரி, வழியில ஏதோ ஆகுதுங்கே. பெட்டியில வெப்பமானி இருக்கு. பாத்தியா?"

பார்த்திருந்தாள். ஊரிலிருந்து ரத்தம் வருகிற வெள்ளைப் பெட்டி, வழி முழுக்க வெப்பம் எவ்வளவு என்று தானே எழுதிக்கொண்டு வரும். இருபத்திரண்டு டிகிரி. ஏற்றமில்லை, இறக்கமில்லை. தட்டணுக்களுக்கு அதுதான் சுகமான சூடு. வண்டி குலுங்குவதாலோ? இதைவிட மோசமான சாலையில் வருகிற உள்நாட்டுச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களுக்கெல்லாம் எண் நாற்பதுதான்.

"காரணம் கொண்டு வாம்மா. 'ஏதோ ஒண்ணு'ன்னு சொல்லி என்னால முகாம நிறுத்த முடியாது. மேல கேப்பாங்க."

*

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனாள். வீட்டுக்குப் போகாமல் நேரே துணைச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுப்பவள் செலின் சித்தி. அம்மாவுக்குத் தூரத்துத் தங்கை முறை. கை அப்படியொரு கை, குத்தியது தெரியாது.

"எங்கள வேவு பாக்க வந்தியாக்கும்?" என்றாள் சித்தி.

"சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"சும்மா பாக்க வந்தவ ஏன் நகத்தக் கடிக்க? அங்கன ஸ்டூல் கெடக்கு, உக்காரு."

உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். ரத்தம் எடுக்கும் கையில் கயிற்றை இறுக்கிக் கட்டவில்லை. ஊசி சரியான ஊசி. முதல் சில சொட்டுகளைத் தனியாக விட்டுவிட்டுத்தான் குழாயை நிரப்பினாள். குழாயைக் குலுக்காமல், தொட்டிலை ஆட்டுவதுபோல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள். பயிற்சிக்கு வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்று பாக்கியில்லை. பெயரெழுதி, ஒட்டி, குழாயைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மத்தியானம்வரை பார்த்தும் ஜெனிட்டாவின் கண்ணில் ஒரு தப்பும் படவில்லை. அவள் கூர்மையாகத்தான் பார்த்தாள். ஆனால் அந்தக் கண் அந்த ஊரில் பிறந்த கண்.

வெளியே வேப்பமரத்தடியில் ராயப்பன் மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர். அனுமதி போன பிறகும் பழக்கதோஷத்தில் ஒருநாள் படகேறிப் போய்ப் பாரில் கையை உரசிக்கொண்டார். அரைநாள் நிற்கவில்லை ரத்தம். அன்றிலிருந்து கரைதான். இருபது வருடம் தண்ணீருக்கடியில் இருந்த மனிதர், உச்சிவெயிலில் நிழலுக்குத் தக்கபடி ஸ்டூலை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. "வந்துட்டான், வந்துட்டான். ஒரு கை குடு" என்று செலின் சித்தி கீழே குனிந்து குழாய்களை எடுத்துக் கொடுத்தாள். ஜெனிட்டா வாங்கித் துண்டால் துடைத்துத் துடைத்து, வண்டியில் வந்த வெள்ளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஒன்று, இரண்டு என்று கை தன்பாட்டில் வேலை செய்தது.

"நல்லாத் தொட. ஈரம் இருந்தா டிரைவரு சத்தம் போடுவான்."

ஜெனிட்டாவின் கை நின்றது.

உள்ளங்கையில் இருந்த குழாய் சில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தாள். சித்தியின் காலடியில் தெர்மாகோல் மீன்பெட்டி. அதில் கழுத்துவரை உடைத்த ஐஸ். பாலிதீன் பைக்குள் சுற்றி, ஐஸுக்குள் வரிசையாகக் குத்தி நிறுத்திய ரத்தக் குழாய்கள். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறந்ததிலிருந்து எந்த வீட்டில், எந்தப் படகில், எந்தச் சந்தையில் அந்தப் பெட்டியை அவள் பார்க்காமல் இருந்திருக்கிறாள்?

"சித்தி, இதுல எதுக்கு ஐஸ் போட்டிய?"

"என்ன கேள்வி இது? காலையில எடுத்த சரக்கு. மத்தியானம்வர இந்த வெக்கையில சும்மா கெடந்தா கெட்டுப்போவாதா?"

"யாரு போடச் சொன்னா?"

"இத ஒரு ஆளு சொல்லணுமா?"

அதுதான். யாரும் போடச் சொல்லவில்லை. போடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. டவுனிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர்கள், குழாயை உடனே வெள்ளைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளைப் பெட்டி ஒரு மணி வண்டியில்தான் வரும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. காலைக்கும் ஒரு மணிக்கும் நடுவில் கிடந்த அந்தப் பொழுதை ஊர் தனக்குத் தெரிந்த முறையில் நிரப்பிக்கொண்டது. பெட்டி நனையக்கூடாது என்பதற்காகத் துடைத்தும் வைத்தது. வெப்பமானிக்கு எதுவும் தெரியவில்லை. கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் இதே பெட்டி, இதே ஐஸ், இதே அக்கறைதான் இருந்திருக்கும்.

"எதுக்குடி மொகம் இப்படிப் போவுது? என்ன தப்பு பண்ணிட்டேன்?"

ஜெனிட்டா ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"மத்த ரத்த டெஸ்ட்டுக்கு ஐஸ் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது சித்தி. இதுக்கு மட்டும் ஆகாது. பிளேட்லெட்டுக்குக் குளிருன்னா அப்படிப் பயம். பேத்த மீனத் தொட்டா என்ன செய்யும்?"

"உப்பிக்கிட்டு முள்ளு முள்ளா நிக்கும்."

"அதே கததான். தட்டையா இருக்கது குளிரு பட்டதும் உருண்டு, முள்ளு முள்ளா நீட்டிக்கிடும். பேத்தையாவது தண்ணியில விட்டா பழையபடி சுருங்கிரும். இது திரும்பச் சூடு காட்டுனாலும் முழுசாச் சுருங்காது. அப்படியே லேபுக்கு வந்தா, சொட்டு மருந்து பட்டதும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிடும். நாங்க அதப் பாத்துட்டு, இந்த ஊரு ரத்தமே இப்படின்னு எழுதிட்டோம்."

செலின் சித்தி ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

"அப்ப அவனுக்கு?" என்றாள்.

ஜெனிட்டா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்கு எடுங்க. ரெண்டு குழாய். ஒண்ண ஐஸ்ல வைங்க. ஒண்ண நான் பையில போட்டுக்கிடுதேன்."

*

பையில் துண்டு சுற்றி வந்த குழாய்: முப்பத்தொன்பது. ஐஸில் வந்த குழாய்: எண்பத்துமூன்று. ஒரே கை, ஒரே நரம்பு, ஒரே நேரம்.

கொழுந்து சார் இரண்டு கோடுகளையும் பார்த்தார். ஒன்று சோம்பலாக ஏறியது. மற்றது சுவரில் பல்லி ஏறுவதுபோல் விடுவிடுவென்று ஏறியது.

"ஒனக்குக் கொக்கி இருக்கா?"

"இல்ல சார். இன்பன்ட்டுக்கு இருக்கு. எனக்கு இல்ல. இல்லாமலே எண்பத்துமூணு."

அவர் காகிதத்தை இழுத்தார். பேனாவைத் திறந்தார். படம் எதுவும் வரவில்லை. மூடிவிட்டார்.

"அப்ப கொக்கிக்கும் ஹார்ட்டுக்கும் சம்பந்தமே இல்லங்கியா?"

"அப்படியும் சொல்லல சார். நமக்குத் தெரியாதுங்கேன். நீங்க ரெண்டு சாட்சின்னிய. ரெண்டு சாட்சியும் ஒரே பஸ்ல வந்தவங்க. கடற்கரைக்காரங்க தங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டதால அங்க கொக்கி அதிகம். கடற்கரைக்காரங்க எதுக்கெடுத்தாலும் ஐஸ் வைக்கிறதால அங்க ஒட்டு எண் அதிகம். ஒண்ணு இன்னொண்ணால வரல. ரெண்டும் ஒரே ஊர்லருந்து வருது. நாம ரெண்டையும் சேத்துப் பாத்துட்டு, இதாலதான் அதுன்னுட்டோம்."

"சாவு பொய்யில்லயேம்மா. சர்க்கரை பொய்யில்ல. அந்த ஊர்கள்ல சாவு அதிகம்தான? ஒங்க அப்பாவே..."

"அதிகம்தான் சார். ஆனா அந்த ஊர்ல எல்லாருக்கும் பொதுவா எது இருந்தாலும் பழி கொக்கி மேலதான் விழும். மீன்பிடித் தடைக்காலத்துல மாசக்கணக்குல சும்மா இருப்பாங்க. கடல்ல போனா சீனி அள்ளிப் போட்ட கட்டன்சாயாதான் சாப்பாடு. எங்கப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்ப கரைக்கு வரவே மூணு மணி நேரம் ஆச்சு. வள்ளத்துலயே உசுரு போயிருச்சு. அவரக் கொன்னது கொக்கியா, சாயாவா, தூரமா? எனக்குத் தெரியணும் சார். ஆனா தெரியல."

அவர் ஜன்னலருகே போய் நின்றார். துறைமுகப் பக்கம் பாரந்தூக்கிகள் அசைந்துகொண்டிருந்தன. எத்தனை பேருக்கு ஊசி போட்டாயிற்று என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பிறகு அவர் மேலே போன் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். மருந்து வந்து இறங்கிவிட்டது, செய்தி கொடுத்தாகிவிட்டது, ஒரு முகாமை நடத்திவிட்டுப் பிறகு பார்க்கலாமே என்று மறுமுனை சொல்வது அவர் பதில்களிலிருந்து புரிந்தது. "இல்லங்க... போட்டா எடுக்க முடியாதுங்க... இல்லங்க, நான் சொன்னதுதான், நானேதான் சொன்னேன்..." கடைசியில், "நீங்க நிறுத்தலன்னா நான் வாசல்ல போய் நிப்பேன்" என்றார். வைத்துவிட்டு, தான் அப்படிச் சொன்னதைத் தானே நம்பாதவர்போல் போனைப் பார்த்தார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் அவர் உண்மையிலேயே வாசலில் போய் நின்றார். மாதா கோயில் மண்டபத்தின் படியில், முன்னால் நீளமான வரிசை. விளக்குவதற்கு அங்கே காகிதம் இல்லை. ரத்தத்தை அளந்த விதத்தில் பிழை நடந்துவிட்டது, பிழை ஆய்வகத்துடையது, ஐஸ் வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டியது தன்னுடைய பொறுப்பு, இன்றைக்கு யாருக்கும் ஊசி கிடையாது என்றார். செலின் சித்தியின் பெயரை எடுக்கவில்லை.

ஒரு நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் சத்தம் கிளம்பியது. "எங்க பேரக் காப்பீட்டுல வெட்டுனது யாரு?" என்றார் ஒருவர். "கல்யாணம் நின்னுபோச்சே எம்மவளுக்கு, கொக்கி வீடுன்னு!" என்றாள் ஒருத்தி. வரிசை கலைந்து படியை நெருங்கியது.

ராயப்பன் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எனக்கு எடுத்துப் பாரும்மா" என்று கையை நீட்டினார். "ஐஸ் வைக்காம எடு. நெசமா எனக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாப் போதும்."

ஜெனிட்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எடுத்தாத் தெரியாது மாமா. ஊசி போட்டதுக்கப்புறம் உங்க ரத்தம் ஊசியப் பத்தித்தான் சொல்லும். உங்களப் பத்திச் சொல்லாது."

அவர் தலையை ஆட்டினார். கையை உருவிக்கொள்ள மறந்துபோய் நின்றார். கொழுந்து சார் படியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

இன்பன்ட் மண்டபத் தூணில் சாய்ந்திருந்தான். அவனுக்கு அனுமதி திரும்பக் கிடைத்துவிடும். திங்கட்கிழமை சங்குக்குப் போகலாம். அவன் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"அக்கா, முப்பத்தெட்டுன்னா எனக்கு ஒண்ணும் வராதுல்லா?"

"தெரியலல."

"கொக்கி இருக்கே. அது ஏதாச்சும் செய்யுமா செய்யாதா?"

"அதுவும் தெரியல."

"நல்ல படிப்புப் படிச்ச, போ! பயந்தாலும் ஒரு காரணத்தோட பயந்துக்கிட்டிருந்தேன். அதையும் புடுங்கிட்ட." தூணைக் கையால் தட்டினான். "ஊரெல்லாம் ஒரே மாதிரி தின்னு, ஒரே மாதிரி குடிச்சு, ஒரே மாதிரி சாவுதோம். இதுல கொக்கி செஞ்சது எது, நாங்க செஞ்சது எதுன்னு ஒருகாலமும் பிரிக்க முடியாது. அப்படித்தான?"

இரண்டு நாளாக அவளை உட்காரவிடாமல் அலைக்கழித்தது அதே கேள்விதான். ஊரையும் ஊரையும் ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் குறுக்கே வருகிறது. ஊருக்குள்ளேயே ஒப்பிட்டாலும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்கு இருக்கிறது, தனக்கு இல்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே சட்டி.

"பிரிக்கலாம்ல" என்றாள்.

"எப்படி?"

"கொக்கி யாருக்குப் போகுங்கிறது ஒவ்வொரு பிள்ள உருவாகும்போதும் காசு சுண்டிப் போடுத மாதிரிதான். ஒனக்குப் பூ விழுந்துச்சு, எனக்குத் தலை விழுந்துச்சு. சாதி, ஊரு, சாப்பாடு எதுவும் அந்தக் காசத் திருப்ப முடியாது. ஒரே வீட்டுக்குள்ள பாத்தா மத்தது எல்லாம் ஒண்ணு, காசு மட்டும் வேற."

"அப்ப நம்ம ரெண்டு பேரையும் வச்சுப் பாரு."

"நான் ஒதவ மாட்டேன். ஊர விட்டுப் போயிட்டேன், வேற சோறு திங்கேன். இங்கயே இருக்கிற கூடப்பிறந்தவங்க வேணும்."

சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பி நின்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். செலின் சித்தி, வரிசையில் நின்ற அண்ணன் தம்பிகளையும் அக்கா தங்கைகளையும் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். கொழுந்து சார் அருகில் வந்தார்.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லும்மா" என்றார்.

ஜெனிட்டா படியேறி நின்று சொன்னாள். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்து, ஒரே ஊரில் இருக்கிற கூடப்பிறந்தவர்களில் கொக்கி வளைந்தவர் ஒருவர், வளையாதவர் ஒருவர். இருவரின் ரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஐஸ் கூடாது; நிழலில், சாதாரணச் சூட்டில் வைக்க வேண்டும். இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுவந்து, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். இப்படிக் கரை நெடுக எத்தனை வீடுகள் சம்மதிக்கின்றனவோ அத்தனை வீடுகள். பிறகு அந்த வீடுகளில் சர்க்கரையும் நெஞ்சுவலியும் யாருக்கு வருகிறது என்று வருடக்கணக்கில் பார்த்து வர வேண்டும். கொக்கி வளைந்தவருக்கே அதிகம் வந்தால் குற்றம் கொக்கியுடையது. இருவருக்கும் ஒன்றுபோல் வந்தால் கொக்கிக்கு அதில் பங்கில்லை. விடை தெரிகிறவரை யாருக்கும் ஊசி கிடையாது.